பதினாறாம் நாள் காரியமும் கர்ண மோட்சமும்: வேலூர்ப் பயணக் குறிப்புகள்

மே 22, 2025, வியாழன் – வேலூர்

பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் தோழியின் அப்பா இந்த மாதம் 9-ஆம் தேதி இறந்துபோனார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாகிஸ்தான் எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. தோழியின் தம்பியும் ராணுவத்தில்தான் இருக்கிறார். எந்த இடத்தில் என்று வீட்டுக்குக்கூடச் சொல்ல முடியாத நிலை. 10-ஆம் தேதி மாலை சண்டை நிறுத்தம் அறிவித்தார்கள், ஆனால் லீவு கிடைக்கவில்லை. அண்ணன்தான் கொள்ளி வைத்தார். தம்பி வந்து சேர்ந்ததே இந்த வாரம். சனிக்கிழமை பதினாறாம் நாள் காரியம். அதற்காகத்தான் திருச்சியிலிருந்து கிளம்பினேன். கோடை விடுமுறை என்பதால் வேலூரையும் பார்த்துவிடலாம் என்று முன்னதாகவே வந்துவிட்டேன்.

அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. பேருந்தை விட்டு இறங்கியதும் முகத்தில் அனல் அடித்தது. மலைகள் சுற்றி நிற்க நடுவில் இருக்கும் ஊர், பகல் முழுக்க வாங்கிய வெயிலை ராத்திரியிலும் விடுவதில்லை. சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பக்கத்தில் 900 ரூபாய்க்கு அறை கிடைத்தது. அந்தத் தெருக்களில் நடந்தால் கல்கத்தாவுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். விடுதிப் பலகை, மருந்துக்கடைப் பலகை எல்லாவற்றிலும் வங்காள எழுத்து. மீன்குழம்புச் சோறு போடும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கீழே டீக்கடையில் ஒரு பெரியவர், கையில் எக்ஸ்ரே உறையோடு, என் தட்டில் இருந்த போண்டாவைக் காட்டி அது என்ன என்று சைகையில் கேட்டார். ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு, என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். டீ 15 ரூபாய். அதைத் திருப்பிக் கொடுக்கவும் விடவில்லை.

வெயில் தாழ்ந்ததும் லாங் பஜாருக்குப் போனேன். மணிக்கூண்டைப் பார்க்க வேண்டும் என்று தோழியின் அப்பா முன்பு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது சொல்லியிருந்தார். வெங்காய மூட்டை, தள்ளுவண்டி, இருசக்கர வண்டிகள், நடுவே நிமிர்ந்து நிற்கிறது. அதில் ஒரு கல்வெட்டு: 1914–18 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அவ்வளவுதான். எந்தக் கடலைத் தாண்டினார்கள், எந்த மணலில் விழுந்தார்கள் என்ற விவரமெல்லாம் அந்த வரியில் இல்லை. அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. பிரான்சு, மெசபடோமியா, துருக்கியின் கலிப்பொலி, கிழக்கு ஆப்பிரிக்கா என்று எங்கெங்கோ.

பூண்டு விற்கிற அம்மாவிடம் "இது என்னம்மா கட்டடம்?" என்று கேட்டேன். "மணிக்கூண்டுங்க. பஜாருக்கு அடையாளம் அதான்" என்றார். சண்டையில் செத்தவர்களுக்கு எழுதி வைத்திருக்கிறது என்று சொன்னதும் எழுந்து வந்து பார்த்தார். "நம்ம ஊரு புள்ளைங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வியாபாரத்துக்குத் திரும்பினார்.

இரவு பிரியாணி. ஆம்பூர்ப் பக்கத்துப் பக்குவம்: சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்த மிளகாயின் சிவப்பு, தொட்டுக்கொள்ளப் புளித்த கத்திரிக்காய்ப் பச்சடி. அரைத் தட்டு 120 ரூபாய். மசாலா தூக்கலாக இல்லாமல் கறியின் ருசி தெரிந்தது.

மே 23, வெள்ளி – கோட்டை, பிறகு கணியம்பாடிப் பக்கம்

காலை ஆறரைக்கெல்லாம் கோட்டை அகழியோரம் நடக்கிறவர்கள் கூட்டம். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கல்யாண மண்டபத்து யாளிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்கிற இந்தக் கோட்டைக்குள்தான் 1806 ஜூலை 10 விடியற்காலையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தோல் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழி என்ற உத்தரவுகள். கோட்டைக்குள் சிறையிருந்த திப்புவின் பிள்ளைகள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து, அன்றைக்கே அடக்கிவிட்டார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். மக்கான் சந்திப்பில் அவர்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. ஜூலை 10 அன்று மலர்வளையம் வைப்பார்கள். நான் போனபோது தூணைச் சுற்றி ஆட்டோக்கள் நின்றன. பத்து மணிக்கே தரை சுட்டதால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

மதியம் திருவண்ணாமலை சாலையில் போகும் நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணச்சீட்டு. நடத்துநர் என் பையைப் பார்த்துவிட்டு எங்கே போக வேண்டும் என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும், "சுபேதார் காரியத்துக்கா? எங்க மாமனாரும் அவரோட வெலிங்டன்ல டிரெயினிங் எடுத்தவருதான்" என்று சொல்லி, நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுப்பிவிட்டார். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று தோழி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. இந்தப் பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். சுற்றுவட்டாரத்து ஊர்களும் அப்படித்தான். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளம். கூடத்துச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் சீருடைப் படம். மளிகைக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டால் கேன்டீன் கார்டு, பென்ஷன், ஜபல்பூர் வெயில், சியாச்சின் குளிர்.

வாசலில் ஆறு வயதுப் பையன் ஒருவன் குச்சியைத் துப்பாக்கியாகப் பிடித்து, "வீர மதராசி! அடி கொல்லு! அடி கொல்லு!" என்று கத்திக்கொண்டு ஓடினான். ரெஜிமென்ட்டின் போர் முழக்கம் அது. தாத்தா சொல்லிக் கொடுத்ததாம்.

தோழியின் பெரியம்மாவை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். வெள்ளைப் புடவையெல்லாம் இல்லை, பச்சையில் மஞ்சள் கரை போட்ட சுங்குடி. இறந்தவருக்கு அண்ணி. அண்ணனும் பட்டாளத்துக்காரர்தான். 1987-இல் இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனார். ஜூலை கடைசியில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, காவல் காக்கப் போகிறோம் என்று கடிதம் போட்டிருக்கிறார். அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது. அவர் திரும்பவில்லை. கைக்கடிகாரமும் துணிமணிகளும் ஒரு டிரங்குப் பெட்டியில் வந்தன. அப்போது பெரியம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. கைக்குழந்தை.

அந்தப் படை 1990 மார்ச்சில் முழுவதும் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்திருந்தார்கள். சென்னைக்கு வந்திறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் போகவில்லை. தமிழ்நாட்டில் அந்தச் சாவுகளைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. அந்த மண்ணில் இறந்த தமிழ்ச் சனங்களை நினைத்து அழுத ஊர் இது. இந்த வீட்டுக்காரர் அங்கே துப்பாக்கியோடு போனவர். பெரியம்மா எந்த அழுகையை அழுவார்?

காரியத்தன்று ராத்திரி கர்ண மோட்சம் தெருக்கூத்து வைத்திருக்கிறார்கள். தொண்டை மண்டலத்தில் இது பழைய வழக்கம். பெரிய சாவுக்குக் கருமகாரியத்து இரவில் கர்ண மோட்சம் ஆடுவார்கள், இறந்தவரும் கர்ணனோடு சேர்ந்து கரையேறுவார் என்பது நம்பிக்கை. சுபேதார் சாவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொண்டாராம்: தனக்கு மட்டும் வைக்க வேண்டாம், இந்த ஊரில் சண்டையில் செத்த அத்தனை பேர் பெயரையும் களரியில், கூத்தாடுகிற இடத்தில், படித்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்று.

சாயங்காலம் திண்ணையில் பேச்சு சூடாகிவிட்டது. ஊர் இளைஞர் ஒருவர், ஃபிளெக்ஸ் பேனர் வேலை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர், கூத்துக் குழுவின் வாத்தியாரிடம் மரியாதையாகத்தான் சொன்னார். "வாத்தியாரே, பொன்னுருவி கட்டத்த மட்டும் வுட்ருங்க. போர்க்களத்துக்குப் போவாதேன்னு கர்ணனப் பொண்டாட்டி தடுக்கிற பாட்டு இந்த நேரத்துல வேணாம். செல்லுல புடிச்சு எவனாவது போட்டான்னா, பட்டாளத்து ஊர்ல இப்பிடிப் பாட்றாங்கன்னு பேரு கெட்டுப்பூடும். அந்த நேரத்துக்கு நாலு தேசபக்திப் பாட்டு போட்டுக்கலாம்."

வாத்தியார் பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் சொன்னார்: "ரெஜிமென்ட் வாசகமே பாரதத்துல இருந்து எடுத்ததுதாம்பா. சுவதர்மே நிதனம் ஷ்ரேய. தன் கடமையில சாவுறது மேலுன்னு கண்ணன் சொல்றான். அதே பாரதத்துலதான் பொன்னுருவியும் கீறா. கண்ணன வெச்சிக்கினு அவள மட்டும் அனுப்பிட முடியுமா?"

எனக்கு அப்போது மெல்போர்னில் இருக்கும் தங்கை சொன்னது நினைவுக்கு வந்தது, அவர்களிடமும் சொன்னேன். ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 25, கலிப்பொலியில் 1915-இல் படை இறங்கிய நாள், போரில் இறந்தவர்களுக்கான நாள். அன்று பாடும் பாட்டுகளில் ஒன்று, ஸ்காட்லாந்திலிருந்து அங்கே குடியேறிய எரிக் போகிள் 1971-இல் எழுதியது. கலிப்பொலியில் இரண்டு காலையும் இழந்தவன் பாடுவதாக இருக்கும். கப்பலிலிருந்து இறக்கும்போது கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வயதான பிறகு, ஆண்டுதோறும் அணிவகுத்துப் போகும் கிழவர்களைத் திண்ணையிலிருந்து பார்க்கிறான். இவர்கள் எதற்காக நடக்கிறார்கள் என்று இளையவர்கள் கேட்கிறார்கள், எனக்குள்ளும் அதே கேள்விதான் என்கிறான். போரைத் திட்டுகிற பாட்டு. அதைத்தான் போரில் செத்தவர்களை நினைத்துப் பாடுகிறார்கள். பாடினால் செத்தவனுக்கு மரியாதை குறைந்துவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

அதே போகிளின் இன்னொரு பாட்டு, பிரான்சில் பத்தொன்பது வயதுச் சிப்பாய் ஒருவனின் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு பேசுவது. 2014-இல், முதல் உலகப் போரின் நூற்றாண்டில், பிரிட்டனில் முன்னாள் வீரர்களுக்கான அமைப்பு நிதி திரட்ட அதைப் புதிதாகப் பாட வைத்து வெளியிட்டது. கடைசிப் பகுதியைக் காணோம். இந்தப் போரோடு போர்களெல்லாம் ஒழியும் என்று உண்மையிலேயே நம்பினாயா என்று அந்தச் சிப்பாயைக் கேட்கும் இடம் போய்விட்டது. எத்தனையோ பேர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கும் அது பெரிய அநியாயமாகவே படுகிறது. பாட்டின் உயிரே அந்தக் கேள்வி. செத்தவனுடைய பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவன் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை வெட்டி எறிவது அவனை இன்னொரு முறை பேசவிடாமல் செய்வதுதான்.

இளைஞர் கவனமாகக் கேட்டார். "அது வெள்ளக்காரன் ஊரு மேடம்" என்றார் கடைசியில். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருடைய அண்ணனும் இப்போது எல்லையில் இருக்கிறார்.

இரவு கேழ்வரகுக் களி, கீரை கடைந்தது. காரியம் முடியும்வரை கவிச்சி இல்லை. களியை உருட்டி விழுங்க வேண்டும், மெல்லக்கூடாது என்று அந்தச் சின்னப் பையன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.

மே 24, சனி – காரியம், மழை

காலையில் ஏரிக்கரையில் காரியம். தம்பி மொட்டையடித்துக்கொண்டு நின்றபோது நெற்றியில் தொப்பி வைத்த கோடு தனியாகத் தெரிந்தது, கோட்டுக்கு மேலே வெளுப்பு, கீழே கருப்பு. பேசவே மாட்டேன் என்கிறார். கேட்டால் சிரிக்கிறார். 28-ஆம் தேதி திரும்பிப் போய்ச் சேர வேண்டும்.

மதியம் சைவச் சாப்பாடு, முந்நூறு இலைக்கு மேல். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயும் மொச்சையும் போட்ட குழம்பை மறக்கமாட்டேன். காம்பில் முள் குத்தும் காய், வெந்தால் எண்ணெயில் குழைந்து விதையே தெரிவதில்லை. புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. இப்போது சந்தையில் கிலோ 60 ரூபாய் என்றார்கள். சமையல்காரர் ஆரணிக்காரர். வெளியூர்ப் பெண் என்று தெரிந்ததும் மூன்றாவது முறையும் அவரே வாளியோடு வந்தார்.

கூத்துக் குழு நாலு மணிக்கு வேனில் இறங்கியது. ஒப்பனை போடுகிற இடத்தில் உட்கார அனுமதித்தார்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் எல்லாம் பழைய புடவையில் சுற்றிப் பெட்டிக்குள் இருந்தன. கர்ணன் கிரீடத்தைத் தூக்கிப் பார்த்தேன், பார்வைக்கு மலை மாதிரி இருந்தாலும் கையில் கனமே இல்லை. பொன்னுருவி வேடம் கட்டுகிறவர் பகலில் ஆட்டோ ஓட்டுகிறார். மீசை வைத்துக்கொள்ளாமலே பதினெட்டு வருஷம் ஆகிறதாம். கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டே, "பாட்டு ஏட்டுல கீது, அத மாத்த மாட்டோம். வசனம் அப்பப்ப வர்றதுதான். எந்த ஊரு, யாரு சாவு, எதிர்ல யாரு குந்திக்கினு கீறாங்கன்னு பாத்துப் பேசுவேன்" என்றார்.

ஒன்பது மணிக்குக் காற்று எழுந்தது. புழுதி, பிறகு பெருமழை. ஃபிளெக்ஸ் பேனர் கிழிந்து புளியமரத்தில் மாட்டிக்கொண்டது. மின்சாரம் போனது. களரியில் முழங்கால் நனைகிற அளவுக்குச் சேறு. மிருதங்கத்தையும் ஆர்மோனியத்தையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்கு ஓடினோம். இளைஞர்கள் வைக்கோலும் மணலும் கொண்டுவந்து கொட்டி, ஜெனரேட்டர் ஓட வைத்தபோது மணி பன்னிரண்டரை. பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மண்ணின் வாசனையோடு காற்று குளிர்ந்துவிட்டது.

நேரம் இல்லை, சுருக்கிக்கொள்ளலாம் என்று மறுபடி பேச்சு வந்தது. சுருக்குவது என்றால் எதை வெட்டுவது என்று எல்லோருக்கும் தெரியும்.

பெரியம்மா பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, களரிக்கு நேர் எதிரே, ஈர மணலில் விரித்து உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை. "வாத்தியாரே, எங்க வூட்டுக்காரருக்குக் கருமாதி ராத்திரி கூத்து வெக்கல. அப்ப எங்க மாமனார் வேணான்னுட்டாரு, ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாங்கன்னு. இது அவருக்கும் சேத்துதான். கர்ணன் கூடப் பொறந்தவங்கன்னு தெரிஞ்சே எதிர்ல போய் நின்னவன். எங்க வூட்டுக்காரரும் நம்ம பாஷ பேசுறவங்க ஊருக்குத்தான் துப்பாக்கி தூக்கிக்கினு போனாரு. போவாதேன்னு நான் சொல்லல. எனக்குச் சொல்லத் தெரியல. பொன்னுருவியாவது சொல்லட்டும்."

யாரும் பேசவில்லை. தம்பிதான் வாத்தியாரிடம் போனார். "பெரியம்மா சொன்னபடியே ஆடுங்க. விடிஞ்சாலும் பரவால்ல."

மே 25, ஞாயிறு – விடியலும் திரும்பலும்

தொடங்கும் முன் ஹவில்தார் டார்ச் வெளிச்சத்தில் பெயர்களைப் படித்தார். 1962, 1965, 1971 என்று ஆண்டோடு. யாழ்ப்பாணம் என்று வந்தபோது பெரியம்மா கைகூப்பினார். முதல் உலகப் போருக்குப் போனவர்கள் பெயரில் ஒன்றுதான் கிடைத்தது. அதுவும் ஒரு வீட்டில் தாத்தாவின் தாத்தா பஸ்ராவுக்குப் போனார் என்று வாய்வழியாக வந்தது.

மூன்று மணி இருக்கும். திரை விலகிக் கர்ணன் வந்தான். பதினேழாம் நாள் போர். விடைபெற வருகிறான். பொன்னுருவி கனவு சொன்னாள், விளக்கு அணைந்ததையும் தாலிச்சரடு அறுந்ததையும் பாடினாள். கர்ணன் செஞ்சோற்றுக் கடன் என்றான். அதற்குப் பிறகு பாட்டு நின்று வசனம் தொடங்கியது. ஆட்டோக்காரர் இல்லை அங்கே, பொன்னுருவிதான் இருந்தாள். "சோறு போட்டவன் கடனுக்கு உசுரக் குடுக்குறீர். தாலி கட்டுனவ கடன் எந்தக் கணக்குல சாமி? ராஜாக்கள் பங்காளிச் சண்டைக்கு என் வூட்டு வாசல் எதுக்கு இருளணும்? நாளைக்குச் செயிச்சவன் பந்தல்ல ரெண்டு பக்கத்து ராஜாவும் ஒண்ணா குந்தி விருந்து துன்னுவாங்க. அந்தப் பந்தியில உம்ம இலை எங்க?"

மிருதங்கம் நின்றுவிட்டது. கட்டியங்காரன் வேடிக்கை பேச வேண்டிய இடம், அவர் பேசவில்லை. அப்போது பாயிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. ஒப்பாரி. முதல் இரண்டு அடி தடுமாறியது, பிறகு தொண்டை திறந்துகொண்டது.

"கப்பலேறிப் போன ராசா – நான்
போட்ட கடுதாசி சேந்திச்சோ
நம்ம பாஷ பேசுறவன் – உன்
நெஞ்சப் பாத்துச் சுட்டானோ
யாரு வூட்டுச் சண்டையின்னு – என்
சாமி நீயும் கேக்கலியே
போனவன யாரு கேப்பா – இந்தப்
பொட்டச்சி நான் கேக்குறேனே"

முகவீணைக்காரர் அவருடைய சுருதியைப் பிடித்து மெல்லத் தொடர்ந்தார். பொன்னுருவி வேடக்காரர் களரியை விட்டு இறங்கி வந்து, நகையும் மையுமாக மணலில் உட்கார்ந்து, பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஒருவர் தோளில் ஒருவர் தலை வைத்து அழுவது இந்தப் பக்கத்து இழவு வீடுகளில் வழக்கம்தான். கூத்தாடுகிறவரும் பார்க்கிறவரும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சுற்றி இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகளாக அழாத அழுகை. கர்ணன் கிரீடத்தோடு களரியில் காத்துக்கொண்டு நின்றார், ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை.

செல்லில் படம் பிடிக்க யாரும் கையைத் தூக்கவில்லை. பேனர் இளைஞர் ஜெனரேட்டர் பக்கத்தில் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

கர்ணன் விழும்போது வெளுத்துவிட்டது. கிழவன் வேடத்தில் வந்த கண்ணன் புண்ணியத்தை எல்லாம் தானமாகக் கேட்டதும், கர்ணன் மார்பில் வழிந்த ரத்தத்தால் தாரை வார்த்துக் கொடுத்தான். வீட்டார் அரிசியும் காசும் போட்டுக் கும்பிட்டார்கள். தம்பியும் போட்டார். நேராக நின்று சல்யூட் அடித்தார், கர்ணனுக்கா அப்பாவுக்கா பெரியப்பாவுக்கா என்று நான் கேட்கவில்லை.

வாத்தியார் தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கூலி கொடுத்தார்கள். பேசியது 28,000. மழையில் கெட்ட மிருதங்கத் தோலுக்காக மேலே 2,000 வைத்தார்கள், அதை மட்டும் வாங்கமாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "சாவூட்டுக் காசுல தோலு வாங்கக்கூடாது" என்றார்.

பேருந்து நிறுத்தம்வரை பேனர் இளைஞர்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். வழியில் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவர், "இப்பவும் இந்த நேரத்துல வேணான்னுதான் எனக்குப் படுது மேடம்" என்றார். "ஆனா பெரியம்மாவ நிறுத்துன்னு என்னால சொல்ல முடியாது." அவ்வளவு நேர்மையாகச் சொன்னவரிடம் வாதாட எனக்கு மனமில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: உங்கள் அண்ணன் பத்திரமாக வர வேண்டும் என்றுதானே நீங்களும் தினமும் கும்பிடுகிறீர்கள், பொன்னுருவி கேட்டதும் அதைத்தான். அவர் அந்த ஆஸ்திரேலியப் பாட்டை அனுப்பச் சொன்னார். முழுப் பாட்டாகவே அனுப்பினேன்.

ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா தோழி கையில் திணித்திருந்தாள், கிலோ 400 ரூபாய். உள்ளே பருப்பும் திராட்சையும் வைத்து, ஜீராவில் ஊறி, பேருந்தில் பாதி கரைந்துவிட்டது.

கிளம்பும் முன் நடந்ததை எழுத விட்டுப்போனது. விடைபெறப் போனபோது பெரியம்மா வாத்தியாரோடு பேசிக்கொண்டிருந்தார். வருஷத் திதிக்கும் இதே குழுதான், இதே கூத்துதான் என்று முடிவாகிவிட்டது. அவருக்கு ஒரே குறை, பிள்ளைகள் எல்லாம் பொன்னுருவி வருவதற்குள் தூங்கிவிட்டார்கள். "அந்தக் கட்டத்தப் பத்தரைக்கே வெச்சா இன்னா?" என்று கேட்டார். முடியாதும்மா, பதினேழாம் போர் அந்த நேரத்துக்குத்தான் வரும் என்றார் வாத்தியார்.

"அப்ப பசங்களப் பகல்ல தூங்க வெச்சிட்றேன்" என்றார் பெரியம்மா.